நாகைக் கரைக்குத் திரும்புவோர்க்கு: தமிழ்நாட்டுப் பயணத்துக்குச் சில குறிப்புகள்

தமிழ்நாட்டுக்கு முதன்முறையாக வரும் வெளிநாட்டுத் தமிழர் பலர், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துப் பயணச்சீட்டை வாங்கிவிட்டு, அதன் பின்னரே எங்கே போவது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரை கொண்ட இந்த மாநிலத்தில் அது தலைகீழான வழி. எந்தப் பகுதிக்கு, எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கே மழையும் வெயிலும் திருவிழாவும் எப்போது என்று விசாரித்த பிறகே தேதி குறிக்க வேண்டும்.

இந்தியாவின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நனையும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் கிழக்குக் கரைக்கு மழை சொற்பமாகவே கிடைக்கிறது. இங்கே ஏரி குளம் நிறைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான். புயல்களும் பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே வருகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆகவே சென்னையின் மார்கழி இசை விழாவுக்காக டிசம்பரில் வருவோர், கடலோர ஊர்களுக்கான திட்டத்தில் இரண்டு மூன்று நாட்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்லது. மே மாதத்தில், குறிப்பாக 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28 வரை நீளும் கத்திரி வெயிலில், குளிர்நாட்டில் பிறந்த குழந்தைகளை அழைத்து வருவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே விடுமுறை கிடைக்கும் என்றால் தெற்கே போங்கள்; குற்றாலத்தில் அப்போது சாரல் காலம், குமரி மாவட்டமும் தென்மேற்குப் பருவமழையில் குளிர்ந்திருக்கும். மற்றவர்களுக்குத் தை, மாசி மாதங்களே உகந்தவை. பொங்கலை ஒட்டிய ரயில்களில் மட்டும் முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே இடம் தீர்ந்துவிடும் என்பதால், 60 நாட்களுக்கு முன் பதிவு திறக்கும் காலையிலேயே உட்கார வேண்டும்.

வந்திறங்குவதற்குச் சென்னைதான் என்பதும் பழைய எண்ணம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு ஆகிய இடங்களிலிருந்து திருச்சிக்கே நேரடி விமானங்கள் உள்ளன. காவிரிப் படுகையில் பூர்வீகம் உள்ளவர்களுக்கு இதனால் ஒரு முழுநாள் மிச்சமாகும். சென்னையில் இறங்கிப் பேருந்தில் செல்வோர், தென்மாவட்டங்களுக்கான அரசு விரைவுப் பேருந்துகளில் பெரும்பாலானவை இப்போது கோயம்பேட்டிலிருந்து அல்லாமல், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன என்பதை நினைவில் கொள்க. பத்தாண்டுகளுக்கு முன் வந்துபோனவர்கள் பழைய பழக்கத்தில் கோயம்பேட்டுக்குப் போய்த் திரும்புவது இன்றும் நடக்கிறது.

உறவினர் வீட்டில் தங்குவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவரைத் தங்கவைப்பவர், விடுதியாயினும் வீடாயினும், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலருக்குத் தகவல் தர வேண்டும். மாமாவுக்கு இது தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாமல், நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் பயணத்துக்கு மாநிலம் முழுவதையும் சுற்ற முயலாமல் கடற்கரையின் ஒரு துண்டைத் தேர்ந்துகொள்வதே சிறந்தது. என் தேர்வு நாகப்பட்டினம். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களின் பாட்டன் பாட்டிமார் பலர் கப்பலேறிய துறைமுகம் அது. ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலிருந்து நாகை வழியாகவே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. ஊரில் தங்கினால் வடக்கே நாகூர் தர்கா, மேற்கே சிக்கல் முருகன் கோயில், தெற்கே வேளாங்கண்ணி என மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா நடப்பதால் அந்நாட்களில் அறை கிடைப்பது அரிது. காரைக்காலைக் கடந்து வடக்கே போனால் தரங்கம்பாடி. 1620இல் டேனியர் கட்டிய கோட்டை அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது; ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அந்த ஊரில்தான். தெற்கே கோடியக்கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள் வந்திறங்கும். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகை–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பலில் யாழ்ப்பாணத்துக்கும் போய் வரலாம். ஆனால் பருவமழைக் காலத்தில் சேவை நிறுத்தப்படுவது உண்டு என்பதால், அதை நம்பித் திரும்பும் விமானத்தைப் பதிவு செய்யாதீர்கள்.

மீன் சாப்பிடவென்றே வருவோர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களைத் தவிர்க்கவும். மீன்பிடித் தடைக்காலமாதலால் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. நாட்டுப்படகில் வரும் மீன் குறைவு, விலையோ ஏறியிருக்கும். நுங்கும் பதநீரும் கிடைக்கும் பருவமும் அதுவே என்பது ஓர் ஆறுதல்.

கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில் திறக்கப்படுகின்றன. மதுரை, திருச்செந்தூர் போன்ற பெரிய கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டு செல்ல முடியாது. திருச்செந்தூரிலும் கன்னியாகுமரியிலும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிய பிறகே சன்னதிக்குச் செல்ல வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட மாமல்லபுரம், சென்னைக் கடற்கரைகளில் இடுப்பளவு நீருக்கு மேல் போகக் கூடாது. அடியில் இழுக்கும் நீரோட்டம் மேலே தெரிவதில்லை. எங்கே இறங்கலாம் என்பதை அங்குள்ள மீனவரிடம் கேளுங்கள்.

பூர்வீக ஊரைத் தேடி வருவோருக்கு நேரம் விரயமாவது பெரும்பாலும் பழைய பெயர்களால். தாத்தாவின் ஆவணத்தில் தஞ்சாவூர் ஜில்லா என்று இருந்தால், அந்த ஊர் இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகியவற்றில் எந்த மாவட்டத்திலும் இருக்கலாம். தென்னாற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி எனப் பிரிந்துள்ளது. பழைய இராமநாதபுரத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் தனியாகிவிட்டன. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் கப்பல் பதிவேடுகளில் மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவை உள்ளன. ஆயினும் எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவை அவை. மேல, கீழ என்ற முன்னொட்டு விடுபட்டிருந்தால் அதே பெயரில் பல ஊர்கள் வரும். எனவே வட்டத்தின் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் வீட்டு முதியவர்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குலதெய்வம் தெரிந்தால் தேதியும் எளிதாகும்: மதுரை, இராமநாதபுரம் பக்கம் மாசி சிவராத்திரிக்கும், நெல்லைப் பக்கம் சாஸ்தா கோயில்களில் பங்குனி உத்திரத்துக்கும், வெளியூரில் பிழைக்கும் பங்காளிகள் எல்லாரும் வந்து கூடுவார்கள்.

ஊருக்குள் போகும்போது பழமும் வெற்றிலை பாக்கும் பூவும் போதும். பழைய புகைப்படங்களின் பிரதிகளைக் கொண்டு செல்லுங்கள். பின்புறத்தில் பெயரோடு, இன்னார் வகையறா என்பதையும் குடும்பத்தின் பட்டப்பெயரையும் தமிழில் எழுதி வையுங்கள். ஆவணத்தில் உள்ள முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்கும் பெரியவர், பட்டப்பெயரைச் சொன்னதும் வீட்டுக்கே அழைத்துப் போவார்.