வளைந்த கிளைக்குள் ஓர் ஓணான்: வஹாக்கா முறையில் முதல் மரச்சிற்பம்

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், மான்டே அல்பான் குன்றுக்குப் பக்கத்தில் அர்ரசோலா என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்க்காரர் மனுவேல் ஹிமேனெஸ் (1919–2005), ஆடு மாடு மேய்த்த சிறுவயதிலேயே பொழுது போக மரம் செதுக்க ஆரம்பித்தவர். இன்று வஹாக்காவிலிருந்து உலகமெங்கும் போகிற வண்ண மர மிருகங்களுக்கு முன்னோடி அவர்தான். அலெப்ரிஹே என்று இவற்றை அழைத்தாலும், அந்தப் பெயர் மெக்சிகோ நகரத்தில் காகிதக் கூழில் விநோத மிருகங்கள் செய்த பேத்ரோ லினாரெஸிடமிருந்து வந்தது.

சரி, நாம் ஓர் ஓணான் செய்வோம்.

முதலில் கிளை. பலகை வாங்காதீர்கள், இந்தக் கலையின் உயிரே வளைந்த கிளைதான். அவர்கள் கொபால் மரத்தில் செதுக்குகிறார்கள், அதன் பிசினை நம் சாம்பிராணி போலப் புகைப்பதும் உண்டு. நமக்கு வெட்பாலை நன்றாக வரும். கர்நாடகத்துச் சென்னபட்டணா பொம்மைகளைக் கடைகிற அதே வெள்ளை மரம். மணிக்கட்டுப் பருமனில், ஒன்றரைச் சாண் நீளத்தில், ஒரு பக்கம் மெலிந்து வளைந்த பச்சைக் கிளை போதும். கையில் வைத்து நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள், அவசரமே வேண்டாம். மெலிந்த வளைவு வாலாகத் தெரிந்தால் ஓணான். அதுவே நரியின் கழுத்தாகத் தெரிந்தால் நரியையே செய்துவிடுங்கள், கிளையோடு சண்டை போட்டு இதுவரை எனக்கு ஒன்றும் உருப்படியாக வந்ததில்லை.

ஈரம் காய்வதற்குள் செதுக்க வேண்டும். காய்ந்தால் மரம் இறுகிவிடும், அதனால் வேலை செய்யாத நேரத்தில் ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். அர்ரசோலாவில் பட்டையை உரித்து உருவத்தைப் பிடிக்க வெட்டரிவாள், நுணுக்கத்துக்குச் சமையலறைக் கத்தி, அவ்வளவுதான். நீங்கள் சின்னக் கத்தியோடே தொடங்கலாம். கத்தி உங்கள் உடம்பை விட்டு வெளியே போகட்டும், கிளையைப் பிடிக்கும் கட்டைவிரலில் தடித்த துணி சுற்றிக்கொள்ளுங்கள். சீவும்போது சிலாம்பு கிளம்பினால் நாருக்கு எதிராகப் போகிறீர்கள் என்று பொருள். நிறுத்தி, கிளையைத் திருப்பி, மறுபக்கமிருந்து சீவுங்கள். தலை, கழுத்து, முதுகு மேடு, வால் என்ற வரிசையில் போனால் அளவு தப்பாது.

கால்களை உடம்போடு சேர்த்துச் செதுக்க முயலாதீர்கள். முழங்கை போல் மடங்கிய நாலு குச்சிகளைத் தேடி எடுத்து, ஒரு முனையை ஆணி போலக் கூராக்கி வையுங்கள். வஹாக்காவிலும் காது, கொம்பு, வால் எல்லாம் பெரும்பாலும் தனியாகச் செய்து துளையில் செருகுவதுதான்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். என் முதல் ஓணானை உச்சி வெயிலில் வைத்தேன், மறுநாள் முதுகில் தலையிலிருந்து இடுப்புவரை வாய் பிளந்து கிடந்தது. மேல்பகுதி சீக்கிரம் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரம் அப்படியே இருப்பதால்தான் வெடிக்கிறது. நிழலில் குறைந்தது இரண்டு மூன்று வாரம் வையுங்கள். வெடித்தாலும் தூக்கிப் போட வேண்டாம்: அதே மரத்தின் மெல்லிய சிம்பை வெடிப்பில் செருகி, மீதி இடைவெளியில் மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அடையுங்கள், அங்கேயும் அப்படித்தான் செய்கிறார்கள். பூச்சி அரிக்காமலிருக்க, காய்ந்த பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைக்கலாம்.

உடம்பில் துளை போட்டுக் கால்களைப் பசையோடு செருகி, உப்புத்தாள் தேய்த்து, அக்ரிலிக்கில் ஒரே நிறத்தை முழுக்கப் பூசுங்கள். அது நன்றாகக் காய்ந்தபின் தீக்குச்சியின் அடிமுனையை வண்ணத்தில் தொட்டு முதுகெலும்பு நெடுகப் புள்ளி வையுங்கள். ஒரு தடவை தொட்டால் முதல் புள்ளி பெரிதாக விழும், அடுத்தடுத்தது சிறுத்துக்கொண்டே போகும், வால் நுனியை நோக்கிப் போக அந்த வரிசையே தோதாக அமையும். கண்ணைக் கடைசியாக வையுங்கள். வெள்ளைப் புள்ளி காய்ந்ததும் அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி.