மழை நனைத்த சரளைச் சாலையில் அட்வென்ச்சர் பைக் ஓட்டுவது

சரளைச் சாலையில் தூறல் விழுந்ததுமே பதற்றம் கொள்ள வேண்டியதில்லை. புழுதி அடங்கி மேற்பரப்பு சற்று இறுகுவதால், காய்ந்த சரளையைவிட லேசாக நனைந்த சரளையில் டயருக்குப் பிடிமானம் கூடுதலாகவே கிடைக்கும். மழை விடாமல் பெய்து, கற்களைப் பிணைத்திருக்கும் களிமண் ஊறிக் குழையத் தொடங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஆகவே, எவ்வளவு மழை பெய்கிறது என்பதைவிட, அந்தச் சாலையில் எவ்வளவு மண் கலந்திருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கற்கள் தனித்தனியாகத் தெரிந்து, அவற்றின் இடுக்கில் நீர் வடிந்துகொண்டிருந்தால் அங்கே நிதானமாகப் போகலாம். கற்கள் மண்ணுக்குள் அமிழ்ந்து, மேலே மெழுகியதுபோல் மினுமினுப்பு தெரிந்தால் வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வண்டியை நிறுத்தி, பூட்ஸின் அடிப்பாகத்தால் தரையை ஒருமுறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கால் வழுக்கி, தேய்த்த இடத்தில் சேறு பட்டையாக ஒட்டிக்கொண்டு வந்தால், டயரின் பள்ளங்களும் அப்படியே அடைபடும் என்று பொருள். தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான டயர்கள் இத்தகைய சேற்றில் சீக்கிரமே வழவழப்பாகிவிடும்.

காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைப்பது உதவும். தார்ச்சாலையில் முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ வைக்கப்படும் பெரிய வண்டிகளில் அதை 28 முதல் 30 வரை இறக்கினால், டயர் கற்களின் மேல் துள்ளாமல் படிந்து உருளும். பெட்டிகளில் சுமை ஏற்றிக்கொண்டு, கூர்மையான கற்கள் உள்ள பாதையில் 25-க்கும் கீழே இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிம் நசுங்கினால் நடுவழியில் செய்வதற்கு அதிகம் ஒன்றும் இருக்காது.

ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) எழுந்து நின்று, முழங்கால்களால் டேங்க்கை மெல்ல அணைத்து, முழங்கைகளைச் சற்று மடக்கி அகட்டி வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் இடமும் வலமும் அலையும். அது தன் போக்கில் வழி தேடிக்கொள்ளட்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து அந்த அலைச்சலை அடக்க முயல்வதே பெரும்பாலும் ஆளைக் கீழே தள்ளுகிறது. பார்வை சக்கரத்துக்கு அடியில் அல்லாமல், அடுத்துப் போகவேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தையே உற்றுப் பார்த்தால் வண்டியும் அங்கேயே போய் நிற்கும்.

வண்டிகள் ஓடி ஓடி இறுகிய சக்கரத் தடத்திலேயே செல்வது நல்லது. தடங்களுக்கு நடுவிலும் ஓரங்களிலும் குவிந்திருக்கும் உதிரிக் கற்களைக் கடக்க நேர்ந்தால், வண்டியைச் சாய்க்காமல், த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) சீராகப் பிடித்தபடி குறுக்கே கடந்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஓரம் வேறொரு விதத்திலும் ஆபத்தானது: மேலே திடமாகத் தெரிந்தாலும், அடியில் நீர் மண்ணை அரித்திருக்கலாம். எதிரே லாரி வந்தால் விளிம்புவரை ஒதுங்குவதைவிட, உறுதியான இடமாகப் பார்த்து முன்பே நின்றுவிடுவது மேல்.

பிரேக்கை வளைவுக்கு முன்னரே, வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். முன்பிரேக்கை ஒரே பிடியாகப் பிடிக்காமல், விரலால் படிப்படியாக அழுத்துங்கள். மீதியைப் பின்பிரேக்கும் எஞ்சின் இழுவையும் பார்த்துக்கொள்ளும். வளைவில் உடலைச் சாய்க்காமல் வண்டியை மட்டும் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்க ஃபுட்பெக்கில் எடையை ஊன்றினால் டயர்கள் தரையைக் கவ்விக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். விஷயத்தில் பலருக்குப் பல கருத்து உண்டு. பின்சக்கரத்துக்கு மட்டும் அணைத்துவிட்டு, முன்சக்கரத்துக்கு விட்டுவைக்கும் ஆஃப்ரோடு மோடையே நான் நம்புகிறேன். இறக்கத்தில் இரண்டாம் கியரோ முதல் கியரோ போதும். கிளட்ச்சை அழுத்திக்கொண்டு உருளவிடாதீர்கள்.

சாலையின் குறுக்கே நீர் ஓடினால் நடந்து பார்க்காமல் இறங்க வேண்டாம். அடித்தரை உறுதியாகவும், நீர்மட்டம் ஏர் ஃபில்டருக்குக் காற்றுப் போகும் வாய்க்கு வெகு கீழேயும் இருந்தால், முதல் கியரில் ஒரே சீரான த்ராட்டிலில் கடக்கலாம். கரையேறியதும் பிரேக்குகளை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டினால் அவை உலர்ந்துவிடும்.

மீண்டும் தார்ச்சாலை ஏறியதும், டயரில் ஒட்டிய சேறு உதிரும்வரை வளைவுகளில் மெதுவாகவே செல்லுங்கள். வேகமெடுப்பதற்கு முன் காற்றழுத்தத்தைப் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.