பழைய வானொலி கேசட்டை ஓடவிடும் முன்

இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேசியதை அன்று கேசட்டில் பிடித்து வைத்தவரா நீங்கள்? முதலில் நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய்க்கூட அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது. பிளேயரின் ஹெட்டை (நாடா உரசிச் செல்லும் உலோகப் பகுதி) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அப்புறம் பிளேயரைக் கணினியோடு இணைத்து ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்யலாம். மூலப் பிரதி வேவ் (WAV) என்ற சுருக்கப்படாத ஒலிக்கோப்பாகவே இருக்கட்டும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் வரும், வரட்டும். பகிர எம்பி3 போதும்.

தயவுசெய்து பாட்டை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். பாட்டு எங்கும் கிடைக்கும். நேரம் சொன்ன அந்தக் குரலும், நேயர் பெயர்ப் பட்டியலும், இடையே வரும் இரைச்சலும் உங்கள் கேசட்டில் மட்டும்தான் இருக்கும். உறையில் அப்பா பேனாவால் கிறுக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.