மந்தையில் கூடுவது மட்டும் ஊர் இல்லை

மதுரையைச் சுற்றிச் சின்னதாக ஒரு அறக்கட்டளையைப் பன்னிரண்டு வருடமாக நடத்திவருகிறேன். மேலூர்ப் பக்கம் சில கண்மாய்கள், பேரையூர்ப் பக்கம் சில மானாவாரி ஊர்கள், வேலைக்கு ஆறு பேர். 'காலநிலை நீதி' என்ற சொல் எங்கள் பெயர்ப்பலகையில் ஏறியதே நான்காவது வருடம்தான். நிதி கொடுப்பவர்கள் விண்ணப்பத்தில் அந்தச் சொல்லைத் தேடினார்கள், நாங்களும் எழுதினோம். அதற்கு என்ன அர்த்தம் என்று புரிய இன்னும் சில வருடம் பிடித்தது. இதே வேலையில் இறங்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி வந்து விசாரிக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் பாதிக்கு மேல் நானே செய்த தவறுகள்.

படத்தைக் காட்டிப் பாடம் எடுப்பது

முதல் கூட்டத்தில் சாவடிச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் அடித்து, உலக வெப்பம் எத்தனை டிகிரி ஏறியது என்று கோடு கோடாகக் காட்டினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். டீ வந்தது, குடித்தார்கள். எழுந்திரிக்கும்போது ஒரு பெரியவர் கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, இந்த வருசம் புழுதி விதைப்புப் போடலாமா, வேண்டாமா?"

என்னிடம் பதில் இல்லை. புழுதி விதைப்பு என்றால் என்ன என்றே அன்றைக்கு எனக்குச் சரியாகத் தெரியாது. கரிசலில் மழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். மழை விழுந்த பிறகு கரிசலில் கால் வைக்க முடியாது என்பதால் வந்த பழக்கம் இது. மழை அடுத்தடுத்துப் பெய்தால் தப்பித்துக்கொள்ளும். ஒரே ஒரு மழை பெய்து, விதை முளைத்து, அப்புறம் இருபது நாள் சொட்டு இல்லாமல் போனால் முளை கருகிவிடும். மறுபடி விதை வாங்க வேண்டும், அதுவும் வட்டிக்கு. கடந்த பத்து வருடத்தில் எத்தனை தடவை மறுவிதைப்புப் போட்டீர்கள், யாரிடம் கடன் வாங்கினீர்கள், நகை எங்கே இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தோம். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த கதையும் அந்த நோட்டில் தானாக வந்து சேர்ந்தது. அந்த ஊரின் காலநிலை அறிக்கை அதுதான். 'பருவம் தப்பிருச்சு' என்று அவர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு நான் பட விளக்கம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே பேசப் போவதற்கு முன் கேட்கப் போங்கள். ஒரு விதைப்பும் ஒரு அறுப்பும் முடியும்வரை கேட்டால் போதும்.

'ஊரே சம்மதம்' என்று நம்புவது

இதுதான் பெரிய தவறு. மற்றதையெல்லாம் ஒரு வருடத்தில் சரிசெய்துவிடலாம். இதில் தவறினால் நீங்கள் செய்யும் நல்ல காரியமே அநியாயமாகிவிடும்.

ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூட்டம் போடுகிறோம். பெரியவர்கள் வருகிறார்கள், ஊர்த் தலைவரான அம்பலம் முன்னால் உட்காருகிறார், இளவட்டங்கள் ஓரமாக நிற்கிறார்கள். எல்லோரும் தலையாட்டியதும் 'ஊர் ஒப்புக்கொண்டது' என்று அறிக்கையில் எழுதுகிறோம். அங்கே யார் வரவில்லை? பட்டியல் சாதியினர் குடியிருக்கும் காலனியிலிருந்து யாரும் வரவில்லை. வந்தாலும் உட்கார இடம் இருக்காது. பெண்கள் நூறு நாள் வேலைக்கோ களை எடுக்கவோ போயிருப்பார்கள். ஆடு மேய்ப்பவர் ஆட்டோடு இருப்பார். குத்தகைக்கு உழுகிறவர் வந்திருந்தாலும் நிலத்துக்காரர் முன்னால் வாய் திறக்க மாட்டார். வெயிலும் வறட்சியும் முதலில் அடிப்பது இந்த நாலு பேரைத்தான். காலநிலை என்பதை எல்லோரும் பிடித்துக்கொண்டோம். நீதி என்ற பாதி இவர்களைப் பற்றியது.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 1996 முதல் 2006 வரை அங்கே ஒழுங்காக ஒரு தேர்தல் நடத்த முடியவில்லை. 'ஊர்க் கட்டுப்பாடு' என்ற பெயரில்தான் அதுவும் நடந்தது. ஊர் ஒற்றுமையாக இருக்கிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எனக்கு இப்போதெல்லாம் காது கொஞ்சம் கூர்மையாகிறது.

எங்கள் கண்மாய்க் கதையைச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயைத் தூர்வார மந்தைக் கூட்டத்தில் முடிவாயிற்று. வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்தோம், மடையைச் சரிசெய்தோம், உள்ளே காடாக மண்டியிருந்த சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டிருந்த நேரம் அது. பின்னால் அதற்கு இடைக்காலத் தடை வந்தது வேறு விஷயம். ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்ததால் எங்களுக்கும் உற்சாகம். அந்த ஐப்பசியில் கண்மாய் நிரம்பி மறுகால் போயிற்று. உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் விழுவதைப் போட்டோ எடுத்து அனுப்பாத ஆள் இல்லை.

ஆறு மாதம் கழித்துக் காலனியில் ஒரு அக்கா என்னை நிறுத்தினார். "கண்மாயத் தூர்வாருனீங்க, சரி. எங்க அடுப்பையும் சேத்துல்ல தூர்வாரிட்டீங்க." அந்தக் கருவேலத்தை வெட்டித்தான் சில குடும்பங்கள் கரிமூட்டம் போட்டன. வேலை இல்லாத மாதங்களில் பெண்கள் விறகு வெட்டி விற்றதும், அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும் அதை வைத்துத்தான். சீமைக் கருவேலம் கெட்ட மரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது யாருக்குச் சோறு போடுகிறது என்று நாங்கள் கேட்கவே இல்லை. வண்டல் மண் எங்கே போனது என்று திரும்பிப் பார்த்தால், டிராக்டர் வைத்திருந்தவர் வயலுக்குப் போயிருந்தது. நிலமே இல்லாதவருக்குத் தூர்வாரிய கண்மாயால் கிடைத்தது என்ன? மீனாவது கிடைக்குமா என்றால், மீன் ஏலம் ஊர்க் கணக்கு, காலனிக்கு அதில் பங்கு இல்லை.

அடுத்த கண்மாயில் முறையை மாற்றினோம். மந்தைக் கூட்டத்துக்கு முன்பே காலனியில் ஒரு கூட்டம், கடைமடைக்காரர்களோடு ஒன்று, பெண்களோடு இரவு எட்டு மணிக்கு ஒன்று. கருவேலத்தை ஒரே அடியாகப் பிடுங்காமல் மூன்று வருடத்தில் பகுதி பகுதியாக எடுப்பது, வெட்டும் வேலை அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு, எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேலம் என்று பேசி முடித்தோம். வேலை இழுத்தது. நிதி கொடுத்தவர்கள் முகம் சுளித்தார்கள். இருக்கட்டும்.

இழப்பீடும் இப்படித்தான். வெள்ளமோ வறட்சியோ வந்தால் நிவாரணமும் பயிர்க் காப்பீடும் சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடிப் பதிவேடுகளில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் போகும். குத்தகைக்காரர் விதைத்திருப்பார், பணம் வேறொருவர் கணக்கில் ஏறும். அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரைப் பதிய வைப்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் நடையாய் நடப்பது ஆயிரம் மரக்கன்று நடுவதைவிட உருப்படியான காலநிலை வேலை. யாரும் அதைப் போட்டோ எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நிலத்துக்காரரைப் பகைக்காமல் இதைச் செய்வது சுலபமில்லை. எங்களால் பத்தில் மூன்று இடத்தில்தான் முடிந்திருக்கிறது.

இன்னொன்று. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வயலில் சுருண்டு விழுந்தவரை 'மாரடைப்பு' என்று சொல்லி அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டால், பின்னால் நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சான்று வாங்க வேண்டும் என்பதைச் சித்திரை பிறக்கும் முன்பே வேலைத்தளங்களில் சொல்லி வையுங்கள். சாவு வீட்டில் போய்ச் சொல்ல முடியாது.

பணம் வந்த நேரத்தில் வேலை செய்வது

நிதி வருடம் மார்ச்சில் முடிகிறது. மழை வருடம் அப்படி முடிவதில்லை. எங்களுக்கு ஒரு தடவை தூர்வாரும் பணம் அக்டோபரில் வந்தது, வடகிழக்குப் பருவமழை இறங்குகிற அதே மாதத்தில். ஜேசிபி சேற்றில் புதைந்து, அதை மீட்கவே தனியாக ஒரு செலவு. இன்னொரு தடவை மார்ச் 31-க்குள் செலவைக் காட்ட வேண்டும் என்று பங்குனி வெயிலில் எண்ணூறு கன்று நட்டோம். ஆடியில் போய்ப் பார்த்தபோது கூண்டுகள் மட்டும் நின்றன. பயன்பாட்டுச் சான்றிதழில் எண்ணூறு என்றுதான் இருக்கிறது.

கண்மாய் வேலை என்றால் மாசிக்குப் பிறகு தண்ணீர் வற்றி ஆடிக்குள் முடிய வேண்டும், நடவு என்றால் புரட்டாசி, ஐப்பசி. இதை ஒப்பந்தம் போடும் முன்பே நிதி கொடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். ஒத்துவராத பணத்தை வேண்டாம் என்று சொல்லப் பழக வேண்டும். எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

காகிதத்தை இளப்பமாக நினைப்பது

களத்தில் நல்ல பெயர் எடுத்த அமைப்புகள் சில கோப்பில் கவிழ்ந்திருக்கின்றன. சங்கமாகப் பதிந்தால் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும், வருடா வருடம் பொதுக்குழு கூட்டி 1975-ம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஆவணம் தாக்கல் செய்ய வேண்டும். 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் தேதியை ஆடிட்டர் நினைவு வைத்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டு நிதிக்கு எப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவு தேவை. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு இருந்தாலும் ஒரு அமைப்பு தான் வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. பெரிய அமைப்பு வழியாகச் சின்ன அமைப்புகளுக்கு வந்துகொண்டிருந்த வாய்க்கால் அத்தோடு அடைந்தது. நிர்வாகச் செலவும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசுவதே வேலையாக இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது கழுத்தைப் பிடிக்கும். இதைத் தெரிந்துகொண்டு, உள்ளூர் நன்கொடையை ஆரம்பத்திலிருந்தே வளர்க்க வேண்டும்.

கண்மாயில் கை வைக்கும் முன் அது யாருடையது என்று பாருங்கள். 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தோம் நாங்கள். அது அவர்கள் வேலை இல்லை என்று சொல்லக்கூட யாருக்கும் அங்கே தோன்றவில்லை.

ஊர் நடத்தும் போராட்டத்தில் நம் பேனரைக் கட்டுவது

அரிட்டாபட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.21 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே வருடத்தில், அதையும் சேர்த்துச் சுற்றியுள்ள நிலம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் வந்து நின்றது. 2024 நவம்பரில் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம், டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் நடைபயணம். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அதில் முன்னால் நின்றது ஊர்க்காரர்கள். வெளியிலிருந்து போன அமைப்புகள் ஆவணம் எடுத்துக் கொடுத்தன, வரைபடம் படித்துச் சொன்னன, தண்ணீர் பாட்டில் கொடுத்தன. அந்த இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும். நம் பேனர் முன்னால் போனால் 'யாரோ தூண்டிவிடுகிறார்கள்' என்று சொல்ல எதிராளிக்கு வசதி. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பு என்றால் இன்னும் வசதி. அதற்கு விலை கொடுப்பது ஊர்.

கிராம சபையையும் கையெழுத்து நோட்டாக நினைக்காதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். நெருக்கடி வந்த பிறகு ஓடினால் தீர்மானம் எழுதத் தெரிந்தவர் இருக்க மாட்டார். குடிநீர் குழாய்க்காகத் தீர்மானம் போட்டுப் பழகிய ஊர்தான் சுரங்கத்துக்கு எதிராகவும் போடும்.

எல்லாவற்றையும் நாமே பிடித்துக்கொள்வது

களப்பணியாளர்களாகப் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களை வைத்துக்கொண்டு, 'சேவைதானே' என்று மதிப்பூதியம் என்ற பெயரில் கிள்ளிக் கொடுக்கிறோம். நீதி என்று பலகையில் எழுதிவிட்டு இதைச் செய்வது அசிங்கம். நானும் மூன்று வருடம் செய்தேன்.

அதே மாதிரிதான் எல்லாக் கூட்டத்திலும் நானே பேசுவதும், காசோலையில் நானே கையெழுத்துப் போடுவதும். போன வருடம் காய்ச்சலில் மூன்று வாரம் படுத்துவிட்டேன். அந்த நேரத்தில் கண்மாய்க் கூட்டத்தை எங்கள் களப்பணியாளர் இரண்டு பேர் நடத்தினார்கள். மீன் ஏலப் பணத்தில் ஒரு பகுதியை மடை பழுதுக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் இரண்டு வருடமாகக் கேட்டு நடக்காதது அன்றைக்கு நடந்தது. நான் கேட்டபோது வெளியாள் கேட்டதாக இருந்திருக்கும். அவர்கள் கேட்டபோது பக்கத்து ஊர் மருமகள் கேட்டதாக இருந்ததோ என்னவோ.

காலனிக்கும் மீனில் பங்கு என்ற கோரிக்கையையும் அவர்களே எழுப்பியிருக்கிறார்கள். அம்பலம் பதில் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டம் மாசியில்.