அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கணிக்கும் முதல் மாதிரி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுசென்றவர் வெல்வாரா, தோற்பாரா என்பதைத் தீர்ப்புக்கு முன்பே கணிக்கும் சிறு மாதிரி (பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரல்) ஒன்றை அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். அரசியல் அறிவியலாளர் ஹரால்ட் ஸ்பேத் தொடங்கிய உச்ச நீதிமன்றத் தரவுத்தளத்தை யாரும் இலவசமாகப் பதிவிறக்கலாம். சட்டத் துறையில் இயந்திரக் கற்றலைப் பழக விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பைத்தான் நிரல்மொழியும், அட்டவணைத் தரவைக் கையாளும் அதன் பாண்டாஸ் நூலகமும் உங்கள் கணினியில் இருக்கின்றன என்று கொள்கிறேன்.

படி 1. வழக்குவாரிக் கோப்பின் நவீனப் பதிப்பை இறக்குங்கள். 1946-ஆம் ஆண்டு அமர்விலிருந்து சுமார் 9,000 வழக்குகள், வழக்குக்கு ஒரு வரிசையாக அதில் இருக்கும். திறக்கும்போது யூனிகோட் பிழை வந்தால், என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் குறிக்கும் முறை) லத்தீன்-1 என்று குறிப்பிடுங்கள்.

படி 2. கணிக்க வேண்டியது, வென்ற தரப்பைக் காட்டும் நெடுவரிசை. அதில் 1 என்றால் மனுதாரர் வென்றார், 0 என்றால் தோற்றார். 2 என்பது முடிவு தெளிவில்லாதது; அந்த வரிசைகளை நீக்கிவிடுங்கள்.

படி 3. தீர்ப்புக்குப் பிறகே தெரியவரும் நெடுவரிசைகளை நீக்குங்கள். நான் ஒரு வாரம் சிக்கிக்கொண்டது இந்தப் படியில்தான். என் முதல் மாதிரி நூற்றுக்கு 97 வழக்குகளைச் சரியாகக் கணித்ததாகத் திரை காட்டியபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். பிறகு, எந்த நெடுவரிசைக்கு மாதிரி அதிக முக்கியத்துவம் தந்தது என்று அச்சிட்டுப் பார்த்தேன். முதலிடத்தில், உச்ச நீதிமன்றம் வழக்கை எப்படி முடித்தது என்று சொல்லும் ‘கேஸ் டிஸ்பொசிஷன்’ இருந்தது. அதில் 2 என்றால் கீழ் நீதிமன்ற முடிவு உறுதிசெய்யப்பட்டது, 3 என்றால் மாற்றப்பட்டது. அதாவது விடையையே வினாவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். எனக்குத் தேவைப்பட்டது ‘எல்சி’ என்ற முன்னொட்டோடு தொடங்கும் இன்னொரு டிஸ்பொசிஷன். அது கீழ் நீதிமன்றம் செய்ததைச் சொல்வதால் முன்கூட்டியே தெரியக்கூடியது. பெரும்பான்மை வாக்கு எண்ணிக்கை, தீர்ப்பை எழுதிய நீதிபதி, முன்தீர்ப்பு மாற்றப்பட்டதா என்பன போன்றவற்றையும் நீக்கியாக வேண்டும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் குறிவிளக்கக் கையேட்டைத் திறந்து, வாய்மொழி வாதம் தொடங்கும் நாளில் இது ஒரு வழக்கறிஞருக்குத் தெரிந்திருக்குமா என்று கேளுங்கள். தெரிந்திருக்காது என்றால் அது மாதிரிக்குள் வரக் கூடாது.

படி 4. மீதமிருப்பவை எண்களாகத் தோன்றினாலும் அவை வகைக் குறிகளே. வழக்குப் பொருளில் 1 என்பது குற்றவியல் நடைமுறை, 8 என்பது பொருளாதார நடவடிக்கை. இரண்டுக்கும் இடையில் கூட்டல் கழித்தல் உறவு எதுவும் இல்லை. ஒவ்வொரு குறியையும் தனி நெடுவரிசையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 5. தரவைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். 2010 வரையிலான அமர்வுகளில் பயிற்றுவித்து, அதற்குப் பிந்தையவற்றில் சோதியுங்கள்; நாளைய வழக்கைப் படித்துவிட்டு நேற்றைய வழக்கைக் கணிப்பது கணிப்பு ஆகாது. பைத்தானின் இயந்திரக் கற்றல் நூலகமான சைகிட்-லேர்னில் உள்ள ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் கணிப்பைச் சேர்த்துப் பார்க்கும் முறை) போதுமானது. இத்தனை சிறிய தரவுக்கு நரம்பியல் வலையமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிடைக்கும் விழுக்காட்டை, எப்போதும் ‘மனுதாரர் வெல்வார்’ என்றே சொன்னால் கிடைப்பதோடு ஒப்பிடுங்கள். இந்த நீதிமன்றம் தான் விசாரிக்கும் வழக்குகளில் பெரும்பாலும் கீழ் நீதிமன்ற முடிவை மாற்றுவதால் அந்த எண்ணே கணிசமாக இருக்கும். 2002-ஆம் ஆண்டு அமர்வில் 6 கூறுகளை மட்டும் கொண்ட முடிவு மரங்கள் (அடுத்தடுத்த கேள்விகளால் விடைக்கு வரும் மாதிரிகள்) 75 விழுக்காடு சரியாகக் கணித்தன. சட்ட வல்லுநர்கள் 59 விழுக்காடு. 1816 முதல் 2015 வரையிலான வழக்குகளை ஆராய்ந்து, 2017-இல் காட்ஸ், பொம்மரிட்டோ, பிளாக்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு எட்டியது 70.2 விழுக்காடு. ஆகவே 90-க்கு மேல் வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

பின்சேர்க்கை: வழக்கை ஏற்றுக்கொண்ட காரணத்தைச் சொல்லும் நெடுவரிசையை நான் விட்டுவைத்திருந்தேன். அது நீதிமன்றமே தன் தீர்ப்பில் கூறும் காரணம் என்று வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார், நீக்கிவிட்டேன். இன்னொருவர், வழக்குக்கு நீதிபதி ஒருவருக்கு ஒரு வரிசையாக இருக்கும் நீதிபதிவாரிக் கோப்பை எடுத்துக் குலுக்கிப் பிரித்ததால், ஒரே வழக்கின் ஒன்பது வரிசைகளில் சில பயிற்சியிலும் மற்றவை சோதனையிலும் சிதறிவிட்டன. அந்தக் கோப்பைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால், வழக்கு எண்ணை வைத்து ஒன்பதையும் ஒரே பக்கத்தில் நிறுத்துங்கள்.