கொங்கு வீடுகளில் ஆயுர்வேத உணவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயுர்வேத முறைப்படி சாப்பிடுவது என்று முடிவெடுக்கும் குடும்பம் பெரும்பாலும் முதலில் தேடுவது, எதைச் சேர்க்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்ற பட்டியலைத்தான். சரகர் பெயரில் வழங்கும் பழைய ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதை பட்டியலோடு நின்றுவிடுவதில்லை. அதன் விமானஸ்தானம் என்னும் பகுதியின் முதல் அத்தியாயம், உணவில் எட்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: பொருளின் இயல்பு, பக்குவம் செய்த விதம், எதனோடு சேர்கிறது, எவ்வளவு, எந்த நிலம், எந்தக் காலம், உண்ணும் முறை, உண்பவரின் உடல்நிலை. கொங்குப் பகுதியில் காணப்படும் தவறுகள் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதால் வருபவை. அதிகமாக விடுபட்டுப்போவது நிலம்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப்புறம் இருப்பதால் கோவைக்குக் கேரள வைத்தியமும் அதன் உணவு விதிகளும் எளிதில் வந்து சேர்கின்றன. அங்கே கர்க்கடக மாதம் அடைமழைக் காலம். மழையில் செரிக்கும் சக்தி மந்தமாகும் என்பதால் ஞவரை என்னும் மருத்துவ அரிசியும் வெந்தயமும் மூலிகைகளும் சேர்த்த கஞ்சியைக் குடிக்கிறார்கள். நமக்கோ அது ஆடி மாதம். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலைத்தொடர் தடுத்துவிட, கணவாய் வழியே வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு மழையின்றிக் கடந்துபோகிறது. மழை நமக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் கூடுதல். ஆகவே கர்க்கடகக் கஞ்சிப் பொட்டலத்தை வாங்கி அதே மாதத்தில் காய்ச்சிக் குடிப்பவர், காலத்தைப் பின்பற்றுவதாக எண்ணிக்கொண்டு நாட்காட்டியைப் பின்பற்றுகிறார். ஆயுர்வேதம் நிலத்தை வறண்ட ஜாங்கலம், நீர்வளம் மிக்க ஆநூபம், இரண்டுக்கும் நடுவான சாதாரணம் என்று பிரிக்கிறது. காங்கேயமும் கரூரும் முதல் வகையைச் சேர்ந்தவை என்றால் வால்பாறை இரண்டாம் வகை. கொங்குப் பகுதிக்குள்ளேயே விதி மாறும். வறண்ட காற்று வாதத்தைக் கூட்டும் ஆடியில், நெய் ஊற்றிச் சூடாக உண்ணும் அரிசிம்பருப்புச் சோறு, பொட்டலக் கஞ்சியைக் காட்டிலும் நூலின் நோக்கத்துக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

அடுத்தது சிறுதானிய மோகம். ஆயுர்வேத நூல்கள் சிறுதானியங்களைப் பொதுவாக வறட்சி தருபவை, வாதத்தைக் கூட்டுபவை என்றே வகைப்படுத்துகின்றன. அன்றாடம் உண்ணத்தக்கவற்றுள் சரகர் குறிப்பிடுவது செந்நெல் அரிசியையும் பச்சைப்பயற்றையும் நெல்லிக்காயையும் போன்றவற்றை. கம்பும் சோளமும் கொங்கு மண்ணின் உணவல்லவா என்று கேட்கலாம். ஆம், ஆனால் பக்குவத்தோடு சேர்ந்துதான் அது உணவாக இருந்தது. கம்பில் நீர் தெளித்துப் பிசறி உரலில் இடித்து, உமியைப் புடைத்து நீக்கி, மறுபடியும் இடித்துக் குருணையும் மாவுமாக்கிக் காய்ச்சி, ஆறிய பின் உருண்டை பிடித்து நீரில் போட்டு வைத்து, மறுநாள் மோரில் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடித்தார்கள். நீரும் புளிப்பும் மோரும் அந்த வறட்சியைத் தணித்தன. அதைக் குடித்தவர் நாள் முழுவதும் வயற்காட்டில் உழைத்தார். அதே கம்பை மொறுமொறுப்பான அவலாகவும் பிஸ்கட்டாகவும் மூன்று வேளையும் மென்றுவிட்டு அலுவலக நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு வயிற்று உப்புசமும் மலச்சிக்கலும் வந்தால், குற்றம் தானியத்தின் மேல் இல்லை.

கொள்ளு விஷயத்திலும் இதே கதைதான். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி, எடை குறைய வேண்டும் என்று சித்திரை வெயிலிலும் தினமும் கொள்ளுத் தண்ணீர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கொள்ளு சூடான வீரியம் உடையது, கபத்தையும் வாதத்தையும் குறைப்பது, ஆனால் பித்தத்தைத் தூண்டுவது. மார்கழிக் குளிரில், சளி கட்டிய நெஞ்சுக்குக் கொள்ளு ரசம் பொருந்தும்; நெஞ்செரிச்சலோ இரத்தக்கசிவோ உள்ளவர்கள் கோடையில் அதை விட்டுவிடுவதே நல்லது. கொள்ளோடு பால் சேராது என்றும் சரகர் சொல்கிறார் என்பதால், கொள்ளுப்பருப்புச் சாப்பாட்டை முடித்த கையோடு பால் குடிக்கும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

தேனைச் சூடாக்கக் கூடாது என்பது தெளிவான விதி. கொதிக்கும் நீரில் தேன் விட்டுக் குடிப்பதை ஆயுர்வேதம் என்று அழைப்பது விந்தை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வகையிலும் ஆகாது. அரிதாக அதில் இருக்கும் ஒரு நுண்ணுயிர் பச்சிளம் குழந்தையின் உடலில் நச்சை உண்டாக்கக்கூடும் என்பதால், சேனை வைக்கும் வழக்கத்திலும் தேனைத் தவிர்க்க வேண்டும். தேனும் நெய்யும் சேர்ந்தாலே நஞ்சு என்று பழனிப் பஞ்சாமிர்தத்தைக் குறைசொல்வோரும் உண்டு; நூல் தடுப்பது இரண்டும் சம அளவில் சேர்வதையே.

இரவில் தயிர் கூடாது, தயிரைச் சூடாக்கவும் கூடாது என்கிறார் சரகர். தயிரில் தண்ணீர் ஊற்றிக் கரைப்பதால் மட்டும் அது மோராகிவிடாது. செரிமானத்துக்கு உகந்ததாக நூல்கள் புகழ்வது கடைந்து வெண்ணெய் எடுத்த மோரை. ஊத்துக்குளி நெய் எத்தனை மணமாக இருந்தாலும், முந்தைய உணவு செரிக்காமல் நாக்கில் மாவு படிந்திருக்கும் நாளில் அது மேலும் சுமையாகும். எருமைப்பால் பசும்பாலை விடக் கனமானது, நல்ல பசி உள்ளவருக்கே ஏற்றது.

விசைத்தறியிலும் பனியன் கம்பெனியிலும் இரவு வேலை பார்ப்பவரிடம், சூரியன் மறையும் முன் சாப்பிடுங்கள் என்று சொல்வதில் பொருளில்லை. அவர் கவனிக்க வேண்டியது, முன்பு உண்டது செரித்ததா என்பதை: ஏப்பத்தில் புளிப்பு இல்லாமை, உடலில் இலேசான உணர்வு, உண்மையான பசி. வயிற்றில் இரண்டு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு காற்றுக்கு என்று வாக்படர் அஷ்டாங்க ஹிருதயம் என்னும் ஆயுர்வேத நூலில் வகுத்த கணக்கு, நள்ளிரவுப் பரோட்டாவுக்கும் பொருந்தும்.

இணையத்தில் பத்துக் கேள்விக்கு விடையளித்துத் தாம் வாத உடம்பா பித்த உடம்பா என்று தீர்மானிப்பவர்கள், பிறவி இயல்பையும் இப்போதைய கோளாறையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அதைவிட ஆபத்தானது, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை இயற்கையானது என்பதால் நீரிழிவுக்காரருக்கும் ஆகும் என்று நம்புவது. வெள்ளைச் சர்க்கரையைப் போலவே அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான்; இரத்தச் சர்க்கரையை அதுவும் உயர்த்தும். உணவை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், பத்தியம் என்று வேளை தவறிச் சாப்பிட்டு இன்சுலினை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொள்வதும் ஒரே இரவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடக்கூடியவை. உணவில் எந்த மாற்றம் செய்தாலும் அதை மருந்து எழுதிய மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.