இணைப்பை அழுத்திய பிறகு

வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபடி கைத்தொலைபேசியில் மின்னஞ்சல் பார்த்தேன். நான் பாவிக்கும் ஒன்லைன் கட்டணச் சேவையின் பெயரில் ஒன்று: கணக்கு முடங்கிவிட்டதாம், 24 மணித்தியாலத்துக்குள் உறுதிசெய்ய வேண்டுமாம். பதறிப்போய் இணைப்பை அழுத்திக் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டேன். அடுத்த பக்கம் வங்கி அட்டையின் பின்பக்க மூன்று இலக்கங்களைக் கேட்டபோதுதான் பொறி தட்டியது.

அதை மூடிவிட்டு, சேவையின் செயலியை நேரே திறந்து கடவுச்சொல்லை மாற்றினேன். மற்றச் சாதனங்கள் எல்லாவற்றிலிருந்தும் கணக்கை வெளியேற்றி, இருபடிச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் முறை) போட்டேன். மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்தான் (சோம்பல், வேறென்ன), அப்புறம் அதையும் மாற்றினேன். அட்டை விவரம் கொடுக்காததால் வங்கிக்கு ஓடவில்லை. கொடுத்திருந்தால் முதல் வேலை அட்டையை முடக்குவதுதான்.

வீட்டுக்கு வந்து அந்த இணைப்பை ஆறுதலாகப் பார்த்தேன். தொடக்கத்தில் சேவையின் பெயர் அழகாக இருந்தது. ஆனால் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால், கடைசியாக வரும் பெயரும் அதோடு ஒட்டிய .com போன்ற முடிவும்தான் உண்மையான தளம். அங்கே சம்பந்தமே இல்லாத ஒரு பெயர்! பூட்டுச் சின்னமும் இருந்தது. இடையில் யாரும் வாசிக்க முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்றல்ல. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கும் சொல்லிவைத்தேன்.